எல்லை ஊரின் ரயில்

காலை நேரம். பாறசாலை ரயில் நிலையம். மேடையில் கூட்டம் நிற்கிறது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கடையில் வேலை பார்க்கும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு அம்மாவும் மகளும் நிற்கிறார்கள். அம்மா மரச்சீனி விற்கிறவர். அவருடைய தங்கை திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். பார்க்கப் போகிறார்கள்.

ஒரு வண்டி வந்து நிற்கிறது. அம்மா ஏறக் கால் எடுத்து வைக்கிறார். மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

“அம்மா, இது எக்ஸ்பிரஸ். நம்ம டிக்கட் பாசஞ்சருக்கு உள்ளது.”

“எல்லாம் திருவனந்தபுரத்துக்குத்தானே போகுது மக்களே?”

“போகும். ஆனா நம்ம டிக்கட் செல்லாது. பரிசோதகர் வந்தா கூடுதல் பணமும் கெட்டணும், அபராதமும் கெட்டணும்.”

அபராதம் சிறிய தொகை அல்ல. டிக்கட்டே இல்லாமல் போனால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கட்ட வேண்டும். மரச்சீனி விற்று அந்தப் பணம் சேர எத்தனை நாள் ஆகும்?

அம்மா டிக்கட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே. தேதி இருக்கிறது. வாங்கிய நேரம் இருக்கிறது. பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை என்று இருக்கிறது. கட்டணமும் இருக்கிறது. வாங்கிய நேரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கத்து ஊருக்கு எடுக்கும் முன்பதிவில்லாத டிக்கட் 3 மணி நேரத்துக்கு, அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் வண்டி புறப்படும் வரைக்கும்தான் செல்லும். இந்த இரண்டில் எது பிந்தியதோ அதுவே கணக்கு. காலையில் எடுத்த டிக்கட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஏற முடியாது. 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் என்றால் முன்பதிவில்லாத பெட்டியில் அரைக் கட்டணம்.

இந்த ஊருக்கு ரயில் வந்தது 1979இல். திருவனந்தபுரத்துக்கு 1918ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. அது கொல்லம் வழியாக வந்த சிறிய பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர் அகலம். ஆனால் அதற்குத் தெற்கே, கன்னியாகுமரி வரை, 60 ஆண்டுகள் தண்டவாளமே இல்லை. நெய்யாற்றின்கரைக்காரரும் பாறசாலைக்காரரும் ரயிலில் போக வேண்டும் என்றால் முதலில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போக வேண்டும்! 1979இல் வந்தது அகலப் பாதை. இதன் அகலம் 1.676 மீட்டர்.

இதற்கு நடுவில் எல்லையும் மாறியது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை அந்தத் தாலுகாவில் இருக்கிறது. இங்கே ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினால் குழித்துறை மேற்கு. அது தமிழ்நாடு. கல்யாணம், சாவு, சந்தை எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் ஆள் போய் வருகிறது. ரயிலுக்கு எல்லை தெரியாது.

வண்டி சில சமயம் வெறுமனே நின்றுவிடுகிறது. ஏன்? ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே வண்டி வந்தால் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால்தான் கன்னியாகுமரி வரை இரண்டாவது பாதை போடும் வேலை பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக நடந்து வருகிறது.

பாதைக்கு மேலே மின்கம்பி போகிறது. அதில் 25,000 வோல்ட் மின்சாரம். தொட வேண்டியதில்லை, பக்கத்தில் போனாலே தாக்கும். ஆட்டுக்குத் தழை பறிக்கும் இரும்புத் தோட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் பக்கம் போகவே கூடாது.

உலகத்தில் நீராவி வண்டி ஓடிய முதல் பொது ரயில் பாதை திறந்தது இங்கிலாந்தில், 1825இல். இந்தியாவில் 1853இல் பம்பாயிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது. ஜப்பானில் 1964 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. அமெரிக்காவில் தண்டவாளம் மிக நீளம், ஆனால் அதில் பெரும்பாலும் சரக்குதான் போகிறது. இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரயில் வந்தது. 1990இல் போரால் நின்றது. 24 ஆண்டுகள் அங்கே ரயில் இல்லை. 2014இல் மறுபடியும் வந்தது.

நமக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடு முழுவதும் பயணிகள் ரயில் நின்றது. பிறகு பாசஞ்சர் வண்டிகள் சிறப்பு வண்டி என்ற பெயரில் திரும்பி வந்தன. பழைய வண்டி, பழைய பெட்டி, கட்டணம் மட்டும் புதிது! குறைந்த கட்டணம் 10 ரூபாயாக இருந்தது 30 ரூபாய் ஆனது. கூலி வேலைக்குப் போகிறவரின் கணக்கைப் பாருங்கள். போக 10, வர 10, ஆக 20. மாதம் 25 நாளுக்கு 500 ரூபாய். அதுவே 30 என்றால் ஒரு நாளைக்கு 60. மாதத்துக்கு 1,500 ரூபாய். மிச்சம் 1,000 ரூபாய் யாருடைய அரிசிப் பானையிலிருந்து போனது? 2024 பிப்ரவரி கடைசியில்தான் குறைந்த கட்டணம் மறுபடியும் 10 ரூபாய்க்கு இறங்கியது.

அம்மா சுவரில் இருக்கும் நேர அட்டவணையைப் பார்க்கிறார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக வாசிக்கிறார். பிறகு மேடைக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“மக்களே, நம்ம வண்டிக்கு இன்னும் 20 நிமிஷம் உண்டு. ஒரு சாயா குடிப்போமா?”