கூடி மின்னும் அணுக்கள்

கேள்வி: விண்வெளியில் அணுக்கள் கூட்டாக ஒளி உமிழுமாமே, அவற்றுக்குள் என்ன ஒப்பந்தம்?

பதில்: ஒப்பந்தமெல்லாம் இல்லை, எல்லாம் ஒரே மின்காந்தப் புலத்தில் மூழ்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். கிளர்ச்சியுற்ற ஒரு ஹைட்ரஜன் அணுவைத் தனியே விட்டால், அது 21 செ.மீ. ரேடியோ அலையை உமிழச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அரசு அலுவலகக் கோப்புகூட அதற்குள் நகர்ந்துவிடும்! ஆனால் அத்தகைய அணுக்கள் ஓர் அலைநீளத்துக்குள் நெருங்கியிருந்தால், எது உமிழ்ந்தது என்று பிரித்தறிய வழியில்லை. அலைகள் முகடோடு முகடு சேர்கின்றன. அணுக்கள் இரு மடங்கானால் உச்சப் பிரகாசம் நான்கு மடங்கு. ஆற்றல் புதிதாக எதுவும் முளைப்பதில்லை. இருப்பதைச் சட்டென்று கொட்டித் தீர்க்கின்றன.

1954-இல் பிரின்ஸ்டனின் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி இதைக் கணக்கிட்டார். 1973-இல் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவில் ஆய்வகத்திலேயே பார்த்தாயிற்று. விண்வெளியில்தான் தயக்கம்: அங்கே மோதல்களும் வேக வேறுபாடுகளும் ஒத்திசைவைக் குலைத்துவிடுமே! ஒரே வேகத்தில் நகரும் மெல்லிய, நீண்ட மூலக்கூறுத் தூண் போதும் என்கிறார்கள் கனடாவின் வானியற்பியலாளர்கள் ஃபெரெஷ்தே ராஜாபியும் மார்ட்டின் ஹூடும். மெத்தனால் மேகங்களின் 6.7 கிகாஹெர்ட்ஸ் திடீர் வெடிப்புகள் சிலவற்றுக்கு அவர்கள் தரும் விளக்கம் இதுதான். எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆனாலும் வழக்கமான மேசர் (லேசரின் நுண்ணலை வடிவம்) விளக்கத்தை யாரும் மூட்டை கட்டி வைத்துவிடவில்லை.