மீன் ஒவ்வாமையா? கெட்ட மீனா?

விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்திறங்கும் சூரையும் அயிலையும் நாம் விரும்பி உண்ணும் மீன்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து உடல் அரித்தால், 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் மீனையே விட்டுவிடுகிறார்கள். நுண்ணுயிரியலும் நோய் எதிர்ப்பியலும் பயிலும் மாணவியாகிய நான் பாடத்தில் படித்ததைக் கூறுகிறேன்.

ஒவ்வாமையில், நம் உடலின் மாஸ்ட் செல்களே ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. ஐஸில் வைக்காத மீனிலோ, அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடினைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. பொருள் ஒன்றே, அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அழியாது.

ஒரே மீனை உண்ட பலருக்கும் அரித்தால் மீனைச் சந்தேகியுங்கள். ஒருவருக்கே, உண்ணும்போதெல்லாம் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஐஸில் வைத்த மீனையே வாங்கி, 4 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல் வைத்திருங்கள்.