கால் உயர்ந்தால் போதுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் இருசக்கர வாகனங்களோடு முண்டியடித்து ஓடுகிற பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துச் சாலைகளின் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு, சக்கர நாற்காலி என்பது எங்கோ ஒருவருக்கு என்றோ ஒரு நாள் வேண்டியிருக்கும் அபூர்வ வஸ்து அன்று. முறிந்த காலில் மாவுக்கட்டோடு வீடு திரும்பும் இளைஞனுக்கும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்துபோன தகப்பனாருக்கும், சர்க்கரை வியாதியினால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த தாயாருக்கும் அது திடீரென்று அத்தியாவசியமாகிவிடுகிறது. அப்படி அவசியம் நேர்ந்த வீட்டுக்கு நலம் விசாரிக்க வருகிற உறவினர், காப்பி டம்ளரைக் கீழே வைத்தவுடன் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "வாங்குறதுதான் வாங்குறீங்க, காலைத் தூக்கி வைக்கிற மாதிரி வீல்சேராப் பாத்து வாங்கிடுங்க!"

அந்த யோசனையில் அன்பு முழுமையாக இருக்கிறது. உண்மை பாதிதான் இருக்கிறது. இருக்கையின் முன்விளிம்பில் ஒரு கீலில் மாட்டப்பட்டு, ஆடுசதையைத் தாங்க ஒரு மெத்தையும் பாதத்தைத் தாங்க ஒரு பலகையும் கொண்டு, பிடியைத் தளர்த்தினால் படிப்படியாக உயர்ந்து, தொங்குகிற காலை ஏறக்குறைய நேராக நீட்டிய நிலைவரையில் கொண்டுபோய் நிறுத்துகிற அந்தக் கால் தாங்கி, மருந்தைப் போன்றது. இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இன்னார் சொல்லி என்ற நியதி அதற்கும் உண்டு. அதைப் பற்றி ஊரில் வழங்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: கால் தாங்கியை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடிந்துவிடும்.

உண்மை: நடக்கிறவனுடைய ஆடுசதை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. நாள் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உந்துதல் நின்றுபோவதால், மாலைக்குள் நீர் கணுக்காலில் கோத்துக்கொள்கிறது. அந்த நீர் தன் கனத்தினாலேயே திரும்பி ஓடவேண்டுமானால், பாதம் இதயத்தின் மட்டத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலியில், தாங்கியை எவ்வளவு உயர்த்தினாலும் கால் இருக்கையின் மட்டத்துக்கு வருமேயன்றி, மார்பின் மட்டத்துக்கு வராது. அதாவது வாய்க்கால் இன்னும் பள்ளத்திலேயே இருக்கிறது. சரிவு சற்றுக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

ஆகையினால் வீக்கத்துக்காகவே நாற்காலி வாங்குகிறவர்கள், முதுகுப்புறமும் பின்னால் சாய்கிற வகையை, அல்லது இருக்கையும் முதுகும் ஒருசேரப் பின்னோக்கிச் சரிகிற வகையைக் கேட்க வேண்டும். அது கைக்கு எட்டாதென்றால், பகலில் இரண்டு மூன்று வேளை கட்டிலில் மல்லாந்து படுத்து, காலுக்குக் கீழே தலையணைகளை அடுக்கி வைப்பது, நிமிர்ந்த நாற்காலியின் உயர்ந்த தாங்கியைக் காட்டிலும் அதிகப் பிரயோஜனம் தரும்.

இதைவிட முக்கியமான விஷயம், வீக்கம் ஒரு வியாதி அன்று, வியாதியின் அறிகுறி என்பது. இதயம் தளர்ந்தாலும், சிறுநீரகம் பழுதுற்றாலும், ஈரல் கெட்டாலும், யானைக்கால் கண்டாலும் கால் வீங்கும். இதயம் மிகவும் தளர்ந்தவருக்குக் காலை உயர்த்தினால், கீழிருந்து திரும்பும் இரத்தத்தின் பாரத்தைச் சமாளிக்க மாட்டாமல் மூச்சுத் திணறுவதும் உண்டு. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் அடைபட்டவருக்கோ, காலை உயர்த்தினால் கிடைக்கிற கொஞ்ச இரத்தமும் குறைந்து வலி அதிகரிக்கும். அவர்கள் இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுச் சுகம் காண்பது இதனாலேயே. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால், அது நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அடையாளமாயிருக்கலாம். அன்றைய தினமே வைத்தியரிடம் போக வேண்டும். நாற்காலிக் கடைக்குப் போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: காலை நீட்டி உட்கார்வது எல்லோருக்கும் சுகமே.

உண்மை: இதைப் பரீட்சிக்க வீட்டுத் திண்ணை ஒன்றே போதும். சுவரோடு முதுகும் இடுப்பும் ஒட்ட நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால் மடங்காமல் இரு கால்களையும் நேராக நீட்டிப் பாருங்கள். தொடையின் பின்புறம் விண்ணென்று இழுப்பதும், சிறிது நேரத்தில் இடுப்பு தானாகவே சுவரை விட்டு முன்னே நழுவுவதும், முதுகு கூன் விழுவதும் தெரியவரும். தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலைக் கடந்து, அதற்குக் கீழே பற்றியிருக்கின்றன. கயிற்றின் ஒரு நுனியைத் தூக்கினால் மறுநுனி வந்துதானே ஆக வேண்டும்?

ஆரோக்கியமுள்ளவர் இழுப்பை உணர்ந்து காலை மடக்கிக்கொள்வார். பக்கவாதத்தினாலோ முதுகுத்தண்டுக் காயத்தினாலோ தசை இறுகியும் உணர்ச்சி மங்கியும் போனவர் அப்படிச் செய்ய இயலாது. அவருடைய சரீரம் அங்குலம் அங்குலமாக முன்னே சறுக்கி, பாரம் முழுவதும் வால் எலும்பின்மேல் இறங்கி, தோல் இருக்கைத் துணியோடு உராய்ந்து, சில நாட்களில் சிவந்து, பின்பு புண்ணாகிறது. படுக்காமலே வருகிற படுக்கைப் புண் இது. "அப்பா சேர்ல நிக்கவே மாட்டேங்கிறார், சரிஞ்சு சரிஞ்சு விழுறார்" என்று துண்டினால் அவரைக் கட்டிவைக்கிற வீடுகளில், குற்றம் பெரும்பாலும் அப்பாவிடம் இல்லை. அளவுக்கு மீறி உயர்த்தப்பட்ட கால் தாங்கியில் இருக்கிறது.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையைச் செங்கோணமாக மடக்கி, முழங்காலை மெல்ல மெல்ல நீட்டி, எந்த இடத்தில் இடுப்பு அசையத் தொடங்குகிறதோ அதுவே அவருடைய எல்லை என்று பிசியோதெரபிஸ்ட் கண்டு சொல்வார். அந்த எல்லைக்குமேல் தாங்கி உயரக் கூடாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வருகிறவரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, 'எந்த நாற்காலி வாங்கலாம்?' என்பதன்று, 'இவர் காலை எவ்வளவு தூரம் நீட்டலாம்?' என்பதே.

நம்பிக்கை: கால் தாங்கிகள் எல்லாம் ஒரே மாதிரிதான்.

உண்மை: முழங்கால் மடங்குகிற இடமும் தாங்கியின் கீல் இருக்கிற இடமும் ஒன்றாக அமைவதில்லை. ஆகையால் கால் நீள நீள, அதற்கு வேண்டிய இடமும் கூடுகிறது. சாதாரணத் தாங்கி அந்தக் கூடுதலைக் கொடுப்பதில்லை. பலகை உள்ளங்காலை மேல்நோக்கி நெட்ட, முழங்கால் தூக்கிக்கொள்கிறது. உயரும்போதே தானும் நீள்கிற தாங்கிகள் உண்டு. விலை அதிகமானாலும், நெடுநேரம் கால் நீட்டி இருக்கவேண்டியவருக்கு அவையே ஏற்றவை.

இந்தத் தாங்கி யாருக்கு மெய்யாகவே வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். மாவுக்கட்டினாலோ, அறுவை சிகிச்சையினாலோ, மூட்டு இறுகியதினாலோ முழங்காலை மடக்க முடியாதவருக்கு அது இன்றியமையாதது. ஒரு காலுக்கு மட்டும் அந்தத் தாங்கியை மாட்டி, மறுகாலுக்குச் சாதாரணத் தாங்கியை வைத்துக்கொள்வதும் சாத்தியமே. முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவருக்கு, எஞ்சிய பாகத்தை நீட்டித் தாங்கும் பலகை வேண்டும். மடங்கியபடியே தொங்கவிட்டால் மூட்டு அந்த வாக்கிலேயே இறுகி, பின்னால் செயற்கைக் கால் பொருத்துவது சிரமமாகும். இரு கால்களையும் இழந்தவருக்கு முன்பாரம் குறைந்துவிடுவதால் நாற்காலி மல்லாந்து விழக்கூடும். பின்சக்கரங்களின் அச்சு சற்றுப் பின்தள்ளி அமைந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: வசதி இருப்பது நல்லதுதானே, வேண்டாதபோது இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

உண்மை: இறக்கி வைத்தாலும் இவ்வகைத் தாங்கி சாதாரணத் தாங்கியைவிட முன்னே நீண்டுதான் நிற்கும், உயர்த்தினாலோ நாற்காலியின் நீளம் வெகுவாகக் கூடிவிடும். நம் கிராமத்து வீடுகளின் குறுகிய நிலையும், உயர்ந்த வாசற்படியும், நடையும், கொல்லைப்புறக் கழிவறையும் அத்தனை நீளத்தைத் திருப்ப இடங்கொடா. கனமும் முன்னே சேர்வதால், சின்னஞ்சிறு முன்சக்கரங்கள் ஈரமான கரிசல் மண்ணில் புதைந்து நின்றுவிடும். தானே உருட்டிச் செல்லும் திராணியுள்ளவர்கூட, தள்ளிவிட ஆள் தேடும்படி ஆகும்.

சக்கர நாற்காலி நகரும் கட்டில் அன்று, உட்கார்ந்தபடி வாழ்வதற்கான கருவி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட பின்பும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துக்கொண்டால் அந்த மறதி நீங்கும். ஆகவே, கழற்றக்கூடியதும் பக்கவாட்டில் விலக்கக்கூடியதுமான தாங்கியையே தேர்ந்தெடுங்கள். ஏறி இறங்கும்போது பிரேக்கைப் போட்டு, பலகையை மடக்கிவிடுங்கள். பலகையின்மேல் பாதம் ஊன்றி எழுந்தால் நாற்காலி முன்னே குப்புற விழும்.

நம்பிக்கை: பெரிய நாற்காலியே தாராளம், இலவசமாகக் கிடைப்பதிலோ அளவு கேட்கலாகாது.

உண்மை: இன்று உலகெங்கும் வழங்கும் மடக்கு நாற்காலி, 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், சுரங்க விபத்தில் நடை இழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளர் தம் காரில் ஏற்றிக்கொள்வதற்கென்று, அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸின் துணையோடு உருவாயிற்று. ஒரு மனிதருடைய தேவைக்கென்று பிறந்த பொருளை, அளவே பாராமல் எல்லோர் தலையிலும் கட்டுவது விந்தையல்லவா? இடுப்பின் அகலத்துக்குமேல் பக்கத்துக்கு 2.5 செ.மீ. இடம் போதும், இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும், பலகை தரையிலிருந்து 5 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும், அளவெடுத்தல், பொருத்திப் பார்த்தல், பழக்கிவிடுதல், பின்பு வந்து கவனித்தல் ஆகியவற்றையெல்லாம் நாற்காலி வழங்குவதன் பகுதிகளாகவே சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதலும், வறிய குடும்பத்து முதியவர்களுக்கான வயோஸ்ரீ திட்டம் 2017 முதலும் நடந்து வருகின்றன. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்; திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். மனுவில் 'சக்கர நாற்காலி வேண்டும்' என்று மட்டும் எழுதாமல், இடுப்பளவும், கால் நீளமும், எந்தக் காலுக்கு எவ்வகைத் தாங்கி வேண்டும் என்ற வைத்தியர் குறிப்பும் சேர்த்தெழுதுங்கள். இலவசமாகக் கிடைப்பதனால் உடம்பின் அளவு மாறிவிடுவதில்லை.

இனி அடுத்த முறை உறவினர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம் யோசனையைச் சொல்லத் தொடங்கினால், அவரை மறுத்துப் பேச வேண்டாம். அளவு நாடாவின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, வாசல்நிலையின் அகலத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவருடைய அன்புக்கும் ஒரு வேலை கிடைத்ததாக இருக்கும்.