வெல்லும் முன்பே தொடங்கும் வேலை

ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க நூலகத்தில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அமெரிக்காவில் நவம்பரில் தேர்தல், ஜனவரி 20-ஆம் தேதிதான் பதவியேற்பு. நம் நாட்டில் 2024-இல் ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை, 9-ஆம் தேதி பிரமாணமே எடுத்தாகிவிட்டது. அவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டரை மாதம்?" என்று கேட்டாள்.

அந்த இரண்டரை மாதமே போதவில்லை என்பதுதான் அவர்கள் குறை என்றேன். அவள் நம்பவில்லை.

மத்திய அரசில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் நான். இங்கே மந்திரி மாறுவார். செகரட்டரி முதல் செக்‌ஷன் ஆபீசர் வரை அப்படியே இருப்போம். புது மந்திரி வந்து உட்காரும்போது துறையைப் பற்றிய குறிப்பு மேஜைமேல் தயாராக இருக்கும். அங்கே அப்படியில்லை. அதிபர் மாறினால் சுமார் 4000 பதவிகளுக்கு அவர் ஆள் போட வேண்டும். அவற்றில் 1200-க்கும் மேற்பட்டவர்களுக்கு செனட் சபையின் சம்மதமும் வேண்டும். ஒவ்வொருவரின் சொத்து, வரி, பழைய வரலாறு எல்லாவற்றையும் துருவுவார்கள். இதையெல்லாம் ஜெயித்த பிறகு ஆரம்பித்தால் எப்போது முடிவது?

ஆகையால் வேட்பாளர்கள் கோடைக் காலத்திலேயே ஒரு தனிக் குழுவை அமர்த்திவிடுகிறார்கள். பிரசாரக் குழு வேறு, இது வேறு. யாரை எந்தப் பதவிக்குப் பார்ப்பது, முதல் நூறு நாளில் என்ன உத்தரவு போடுவது, எந்தத் துறையில் என்ன நிலவரம் என்று இவர்கள் கோப்பு தயாரிப்பார்கள். 1976-இல் ஜிம்மி கார்ட்டர் இதை முறையாகத் தொடங்கியபோது, பிரசாரம் செய்தவர்களுக்கும் திட்டம் போட்டவர்களுக்கும் பெரிய மனக்கசப்பு. வெயிலில் அலைந்தவன் ஒருவன், நாற்காலிக்குப் பெயர் எழுதுகிறவன் இன்னொருவன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இன்னொரு சங்கடமும் உண்டு. 'வெள்ளை மாளிகை ஜன்னலுக்கு இப்போதே திரைச்சீலை அளவெடுக்கிறான்' என்று அங்கே கேலி பேசுவார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்போமே, அதே ஏளனம். 2008 அக்டோபரில் மெக்கெயின் இதையே ஒபாமாமீது வீசினார். அதனால் வெகுகாலம் இந்த வேலை ரகசியமாகவே நடந்தது.

ரகசியம் உடைந்ததற்குக் காரணம் ஒரு விபரீதம். 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் புளோரிடா மாநில வாக்குகளைப் பற்றிய வழக்கு 36 நாள் இழுத்தது. புஷ் ஜெயித்தார் என்று உறுதியாவதற்குள் பாதி அவகாசம் கரைந்துவிட்டது. பாதுகாப்புப் பதவிகளுக்கு ஆள் போடுவது தாமதமானது. அடுத்த செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த கமிஷன் இந்தத் தாமதத்தைக் குறிப்பிட்டே எழுதியது. தாமதம்தான் தாக்குதலுக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலி காலியாக இருந்தால் எச்சரிக்கைக் கடிதத்தை யார் படிப்பது?

கமிஷனின் அறிக்கைக்குப் பிறகு 2004-இல், தேர்தலுக்கு முன்பே குழுவினரின் பெயர்களைக் கொடுத்துப் பாதுகாப்புச் சோதனையை முடித்துக்கொள்ள வழி செய்தார்கள். 2010-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்சி மாநாட்டில் வேட்பாளர் முடிவானதும் அலுவலகம், கம்ப்யூட்டர், தொலைபேசி எல்லாம் அரசே கொடுக்கும். கொடுப்பது ஜி.எஸ்.ஏ. என்னும் துறை, நம் டெல்லி எஸ்டேட் ஆபீஸையும் சி.பி.டபிள்யூ.டி.யையும் சேர்த்துக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள் என்றில்லை. 2016-இல் டிரம்புக்காக கிறிஸ்டி தயாரித்த திட்டங்கள், தேர்தல் முடிந்த சில நாளில் அவரோடு சேர்ந்து ஓரங்கட்டப்பட்டன. 2020-இல் நவம்பர் 3 தேர்தல் நடந்தும், பைடனை வெற்றியாளராக ஜி.எஸ்.ஏ. ஏற்றது 23-ஆம் தேதிதான். 2024-இல் டிரம்ப் அணி தேர்தலுக்கு முன் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை. வெள்ளை மாளிகையுடன் உடன்படிக்கை நவம்பர் 26-இல். ஜி.எஸ்.ஏ. இடத்தையும் பணத்தையும் வேண்டாமென்றே விட்டுவிட்டார்கள்.

"சரி மாமா, தோற்றுவிட்டால் அத்தனை வேலையும் வீண்தானே?" என்றாள்.

மாற்றல் ஆர்டர் வரும் என்று நம்பிப் பெட்டி கட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி.யும் வாங்கிவிட்டு, ஆர்டர் ரத்தாகி அதே குவார்ட்டர்ஸில் பெட்டியைப் பிரித்த குடும்பம் எங்களுடையது. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. 2012-இல் மிட் ராம்னிக்கு நேர்ந்தது இதுதான். யூட்டா மாநில முன்னாள் கவர்னர் மைக் லீவிட் தலைமையில், புதிய சட்டத்தின்படி அரசு அலுவலகத்திலேயே நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள். நவம்பர் 6-ஆம் தேதி ராம்னி தோற்றார். அலுவலகத்தைக் காலி செய்தார்கள். ஆனால் என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம் என்பதை ஒளிக்காமல் புத்தகமாக வெளியிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரனும் வாங்கிப் படிக்கலாம்.

2016 மார்ச்சில் இன்னொரு சட்டம் கையெழுத்தானது. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே பதவியிலிருக்கும் அதிபர் இதற்கென்று ஒரு சபை அமைக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு இட்ட பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: தோற்ற அணியை நடத்திய குடியரசுக் கட்சி லீவிட் ஒருவர், 2010 சட்டத்தைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சி டெட் காஃப்மன் இன்னொருவர். 2020-இல் பைடனின் குழுவை நடத்தியவர் அந்தக் காஃப்மன்தான்.