மலை யாத்திரையில் நீர் பேணல்



சம்மேத சிகர்ஜியை வாழ்நாளில் ஒருமுறையேனும் வணங்கிவர வேண்டும் என்பது நம் இல்லங்கள் பலவற்றின் நெடுநாள் விருப்பம். தீர்த்தங்கரர் இருபதின்மர் வீடுபேறு எய்திய அம்மலை, ஜார்க்கண்ட் மாநிலத்தின் கிரிடீ மாவட்டத்தில் ஏறத்தாழ 1,365 மீட்டர் உயரத்தில் விளங்குகிறது. அடிவாரமாகிய மதுவனத்திலிருந்து ஏறுவது 9 கி.மீ.; சிகரங்களைச் சுற்றி வணங்குவது 9 கி.மீ.; இறங்குவது 9 கி.மீ. ஆக, ஒரே நாளில் 27 கி.மீ. நடை. யாத்திரைக்கு வேண்டிய ஆடை, பூசைப் பொருள், பயணச் சீட்டு ஆகியவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் நாம், நீரைப் பற்றி எண்ணுவது அரிது. ஆகவே இவ்விதழின் பாடமாக அதனையே எடுத்துக்கொள்வோம்.

1. உடலும் நீரும்

வளர்ந்த மனிதரின் உடல் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நீரே. முதுமையில் இப்பங்கு குறைகிறது. தாக உணர்ச்சியும் மங்குகிறது. எனவே, "எனக்குத் தாகமே இல்லை" என்று ஒரு முதியவர் கூறுவதை அவர் உடலில் நீர் போதிய அளவு உள்ளது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. குளிர்காலத்திலும் இவ்வாறே. வியர்வை விரைவில் உலர்ந்துவிடுவதால் நாம் அதனை உணர்வதில்லை. மூச்சின் வழியாகவும் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

உடல் எடையில் 2 விழுக்காடு அளவு நீர் குறைந்தாலே சோர்வு தோன்றி நடை தளரும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு 2 விழுக்காடு என்பது 1.2 கிலோ, அதாவது 1.2 லிட்டர் நீர். ஏற்றத்தில் அவர் மணிக்கு அரை லிட்டர் இழப்பதாகக் கொண்டால், 2 மணி 24 நிமிடத்தில் அந்நிலையை அடைந்துவிடுவார். அப்பொழுது முதல் 9 கி.மீ. ஏற்றமே முடிந்திருக்காது.

தலைவலி, தலைச்சுற்றல், நாவறட்சி, கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாக இறங்குதல் ஆகியவை நீர்க்குறைவின் அடையாளங்கள். பேச்சுத் தடுமாறினாலோ நினைவு மங்கினாலோ நிழலில் கிடத்தி, உடலைக் குளிர்வித்து, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடவே கூடாது; அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

2. எவ்வளவு, எவ்வாறு?

மிதமான வெயிலில் நடப்பவர்க்கு மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுவான அளவு. ஒரே மூச்சில் பருகாமல், கால் மணிக்கு ஒருமுறை சில மிடறுகள் பருகுதல் நன்று. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. பத்து மணி நேர நடைக்கு வேண்டிய 5 லிட்டரையும் ஒருவரே சுமத்தல் இயலாது. ஆதலால் ஒவ்வொருவரும் ஒரு லிட்டர்க் குப்பிகள் இரண்டு கொண்டு, எஞ்சியதைக் குழுவிலுள்ள இளையோர் பகிர்ந்து சுமக்கலாம். இரண்டு லிட்டர்க் குப்பி ஒன்றைவிட ஒரு லிட்டர்க் குப்பிகள் இரண்டே மேல். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றொன்று இருக்கும். தோளின் இருபுறமும் சுமை ஒத்து நிற்கும். வழியில் நீர் கிடைக்கும் என்பதை மட்டும் நம்பிப் புறப்படலாகாது.

வெறும் நீரை அளவின்றிப் பருகுவதும் தீங்கே. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. அந்நிலையில் நீரை மட்டும் மிகுதியாக நிரப்பினால் குருதியிலுள்ள உப்பின் அளவு தாழ்ந்து, குமட்டலும் தலைவலியும் மயக்கமும் உண்டாகும். நீர்க்குறைவின் அடையாளங்களை இவை ஒத்திருப்பதால், மேலும் நீர் கொடுத்து நிலையைக் கெடுப்பவர் உண்டு. நீரோடு சிறிது உப்புள்ள உணவும் கொள்வதே இதற்குக் காப்பு. ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை எனக் கலந்த கரைசல் எளியது. நீரிழிவும் குருதியழுத்தமும் உடையோர், சிறப்பாகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போர், மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்க.

3. வடித்தலும் கொதித்தலும்

நீரை வடித்துப் பருகுதல் நம் குடும்பங்களில் வழிவழி வரும் ஒழுக்கம். நுண்ணுயிர்க்கு ஊறு நேராமை அதன் நோக்கம். அதனாலன்றோ துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே சேர்க்கிறோம்! அதே செயல் உடலுக்கும் நன்மை தருவதை அறிவியல் காட்டியுள்ளது. ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாரும் அவர்தம் குழுவினரும் வங்காளதேசச் சிற்றூர்களில் ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். பழம் புடவையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த ஊர்களில் வாந்திபேதி நோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது. அக்கிருமிகள் நீரிலுள்ள மிதவை உயிரிகளோடு ஒட்டி வாழ்வதால் துணியில் தங்கிவிடுகின்றன.

ஆயினும் துணி எல்லாக் கிருமிகளையும் தடுப்பதில்லை. எனவே, வடித்த நீரை நன்கு கொதிக்கவும் வைத்தல் வேண்டும். வடித்த நீருக்குக் காலவரம்பு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் என்றும், கொதித்த நீருக்கு 24 மணி நேரம் என்றும் பெரியோர் கூறுவர். மலைக்குக் கொண்டு செல்லக் கொதித்து ஆறிய நீரே ஏற்றது என்பது இதனால் இருவகையிலும் பெறப்படும்.

4. நோன்பும் நீரும்

இனி, பலர் உள்ளத்தில் எழும் வினாவுக்கு வருவோம். புனித மலையில் நீரும் அருந்தாது நடப்பேன் என உறுதி கொள்வோர் நம்முள் உளர். இரவில் நீர் பருகாத நியமம் உடையோரும் உளர். அவர்தம் உறுதியை நாம் போற்றுகிறோம். ஆனால் ஆகமம் கூறுவதையும் முழுமையாக நோக்குதல் வேண்டும். பசியும் தாகமும் தாங்குதல், 22 பரீஷகங்களுள் முதல் இரண்டு. அவற்றை வெல்லும் நெறி, படிப்படியாகப் பயின்ற துறவியர்க்கு உரியது. இல்லறத்தார் பாவிக்கத்தக்க பதினாறு பாவனைகளுள்ளோ சக்திக்கேற்ற தியாகமும் சக்திக்கேற்ற தவமும் இடம்பெறுகின்றன. தியாகம், தவம் என்று மட்டும் கூறாமல், "சக்திக்கேற்ற" என்ற அடைமொழியைப் பெரியோர் இரண்டிலும் சேர்த்தது ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருவர் மயங்கி விழுந்தால் குழு முழுவதும் நின்றுவிடுகிறது. டோலி சுமப்போர் பாறைப்படிகளில் அவரைத் தூக்கி இறங்க நேர்கிறது. தம் நோன்பின் பாரத்தைப் பிறர் தோளில் ஏற்றுதல் நோன்பின் நோக்கமன்று. ஆகவே முதியோரும் நோயுற்றோரும் சிறுவரும் நீரை விலக்காதிருப்பதே முறை. நீரை விலக்க விரும்பும் உடல்நலமுடையோர், ஊரிலேயே சிறு நடைகளில் தம் ஆற்றலை அறிந்து, பின் உறுதி கொள்க. பொன்னூர் மலை நமக்கு அருகிலேயே இருக்கிறதே!

இரவு நீர் பருகாதவர்க்கு ஒரு வழி உண்டு. முதல் நாள் சூரியன் மறையுமுன் உப்பிட்ட கஞ்சியும் நீரும் போதிய அளவு கொள்க. புறப்படும் நேரத்தைச் சற்றே தள்ளினால், ஏற்றத்தின் தொடக்கத்திலேயே பொழுது விடியும், நீரும் பருகலாம். அதனால் இறக்கம் இருட்டில் அமையுமாயின், நடையைக் குறைத்து டோலியை நாடுவதில் இழுக்கில்லை.

பயிற்சி வினாக்கள்

(இல்லத்தில் அனைவரும் கூடியமர்ந்து விடை காண்க.)

1. 50 கிலோ எடையுள்ளவர்க்கு 2 விழுக்காடு நீரிழப்பு எத்தனை லிட்டர்?
2. ஐவர் கொண்ட குழு 8 மணி நேரம் நடக்க எவ்வளவு நீர் வேண்டும்? அதனை யார் யார் சுமப்பர்?
3. வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகுவதால் வரும் தீங்கு யாது?
4. நம் இல்லத்து முதியோரில் எவரெவர் நீரை விலக்கலாகாது? அதனை அவர்க்கு மனம் நோகாமல் எடுத்துரைப்பவர் யார்?

நான்காம் வினாவுக்கு மட்டும் யாத்திரைக்குப் புறப்படுமுன்பே விடை கண்டுவிடுதல் நலம்.