ஏழு மணி ஆனால் புல் வெட்டலாமா?

ஜேர்மனியில் வளவோடு வீடு வாங்கிய நம்மவர்கள் முதலில் வாங்கும் சாமான்களில் புல் வெட்டும் மெசினும் ஒன்று. ஏப்ரல் தொடங்கினால் ஒக்டோபர் வரை அதற்கு வேலை இருக்கும். வேலிக்கு இரண்டு பக்கமும் மனக்கசப்பு முளைப்பதும் அந்த மாதங்களில்தான். சட்டத்தை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, அதையே முழு உரிமை என்று நம்பிவிடுவது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

"காலை ஏழு மணி ஆயிற்றென்றால் எதையும் ஓட்டலாம், ஒருத்தரும் கேட்கேலாது" என்பதுதான் எல்லோரும் சொல்வது. புல் வெட்டும் மெசினுக்கு இது சரி. தோட்டக் கருவிகளின் இரைச்சல் பற்றி 2002இல் வந்த மத்திய அரசு விதியின்படி, குடியிருப்புப் பகுதிகளில் வேலை நாட்களில் இரவு 8 மணியிலிருந்து காலை 7 மணி வரை அதை இயக்கக்கூடாது. சனிக்கிழமையும் வேலை நாள்தான். ஆனால் அதே விதி பெற்றோலில் ஓடும் ட்ரிம்மரையும் இலை ஊதும் மெசினையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல் முத்திரை இல்லாவிட்டால் அவற்றைக் காலை 9 முதல் பிற்பகல் 1 வரையும், 3 முதல் 5 வரையும் மட்டுமே ஓட்டலாம். ஏழு மணிக்குப் புல்லை வெட்டி, அந்தச் சூட்டோடு ஏழரைக்கு வேலியோரத்தை ட்ரிம்மரால் சீவுகிறவர் தெரியாமலே விதியை மீறுகிறார். தண்டத்தின் உச்சவரம்பாக 50,000 யூரோ என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வழமையில் அந்தத் தொகைக்குக் கிட்டவும் போகாது என்றாலும், எழுதியவர்கள் இதைச் சின்ன விஷயமாக எண்ணவில்லை என்பது தெரிகிறது.

"ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு, பூசை முடிந்தால் வெட்டலாம்" என்பதும் பிழை. ஞாயிறும் பொது விடுமுறையும் முழு நாளும் தடை. இது தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகை மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து ஓய்வெடுக்கும் நாள் என்ற பாதுகாப்பு 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் இருந்தது. இன்றைய அரசியலமைப்பின் 140ஆவது பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

பற்றரி மெசின் என்றால் தடையில்லை என்று கடையில் சொன்னதாகச் சிலர் சொல்வார்கள். விதியில் அப்படி ஒரு விலக்கு இல்லை. மின்சாரமோ பெற்றோலோ, நேரம் ஒன்றுதான். தானாக ஓடும் ரோபோவுக்கும் அதே நேரம்தான். சத்தமே போடாத ரோபோ என்றாலும் இருட்டில் ஓடவிட வேண்டாம். இரவில் இரை தேடி வரும் முள்ளெலி ஆபத்தைக் கண்டால் ஓடுவதில்லை, சுருண்டு கிடக்கும். அதனால் பிளேடில் அகப்பட்டுக் கோரமாகக் காயப்படுகிறது.

விடியற்காலையே புல் வெட்ட நல்ல நேரம், பனி ஈரத்தில் புல் மெதுவாக இருக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊரில் வெயில் ஏறுமுன் தோட்ட வேலையை முடித்த பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆனால் புல்தரைக்கு இது ஒத்துவராது. ஈரப்புல் பிளேடுக்கு முன்னால் படுத்துவிடுவதால் வெட்டு மட்டமாக வராது. வெட்டிய துண்டுகள் கட்டியாகி மெசினின் அடிப்பக்கத்தில் ஒட்டும்; தரையில் திட்டுத் திட்டாக விழுந்து கீழே உள்ள புல்லை மூச்சுத் திணற வைக்கும். ஈரத்தில் பூஞ்சண நோயும் இலகுவாகப் பரவும். கால் வழுக்கும் ஆபத்தும் உண்டு, வயர் பூட்டிய மின் மெசின் என்றால் ஆபத்து இரட்டிப்பு. பனி காய்ந்த பிறகு, முற்பகல் பத்து மணியளவில் வெட்டலாம். கோடையில் வெயில் தணிந்த பின்னேரம் இன்னும் நல்லது. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். புல்லுக்குச் சரியான நேரமும் அயலவருக்குத் தொந்தரவு குறைந்த நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. விடியற்காலையில் அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

மெசினில் ஒட்டியிருக்கும் 96 டெசிபல் என்ற இலக்கம் பற்றியும் இரண்டு விதமான பிழையான எண்ணம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் அவ்வளவும் கேட்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கொஞ்சத் தூரம் போனால் ஒன்றும் கேளாது என்று வேறு சிலர் நம்புகிறார்கள். அந்த இலக்கம் மெசின் வெளிவிடும் மொத்த ஒலித்திறன். 50 சென்ரிமீற்றர் வரை வெட்டு அகலம் உள்ள மெசினுக்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்சமும் 96தான். திறந்த வெளியில் பத்து மீற்றர் தள்ளி நின்றால் அது ஏறக்குறைய 68 டெசிபலாகக் குறையும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஆறு டெசிபல் இறங்கும்.

இனி அந்தப் பத்து மீற்றரில் இருக்கும் படுக்கையறையை நினைத்துப் பாருங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏசி இல்லை. கோடையில் ஜன்னலை மேற்பக்கம் சரித்து வைத்துத்தான் படுக்கிறார்கள். சரித்த ஜன்னல் பத்து, பதினைந்து டெசிபலைத்தான் தடுக்கும். ஆக, தலையணைக்கு 53 டெசிபலாவது வந்து சேரும். படுக்கையறைக்குள் திடீரென எழும் சத்தம் 45 டெசிபலைத் தாண்டினால் உறக்கம் கலையும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே எழுதிவைத்தது. அதிலும் விடியற்பொழுதின் உறக்கம் முன்னிரவு உறக்கத்தைவிட இலேசானது. தெரு அடங்கிக் கிடக்கும் நேரம் என்பதால் மெசினின் சத்தம் தனித்துக் கேட்கும்.

அந்த அறையில் படுத்திருப்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். உணவகக் குசினியில் நள்ளிரவு தாண்டி வேலை முடித்து, கடைசி ரயிலில் வந்து படுத்தவர்கள் நம்மவர்களிலேயே எத்தனை பேர்! முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்பும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுடைய இரவு தொடங்குவதே ஏழு மணிக்குத்தான். சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, நாம் எடுக்கலாம்.

மத்தியானம் ஒன்று முதல் மூன்று வரையான அமைதி நேரம் நாடு முழுவதற்குமான சட்டம் என்பதும் சரியல்ல. புல் வெட்டும் மெசினுக்கு மத்திய விதியில் அப்படி இல்லை. ஆனால் உங்கள் நகரசபையோ, வாடகை வீடென்றால் வீட்டு ஒழுங்கு விதியோ அதைக் கேட்கக்கூடும். நகரசபையின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அயலவர் வெட்டும்போது நமக்குத் தொந்தரவு என்றால் உடனே பொலிஸுக்கு அடிக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். நேரத்தை மீறினால் அது நகரசபையின் ஒழுங்குத் துறை கவனிக்கும் விஷயம். அதற்கும் முன்னால் செய்யக்கூடியது, கோபம் ஆறிய ஒரு பின்னேரம் போய் மணியடித்து, "நான் இரவு வேலை செய்கிறேன், ஒன்பதுக்குப் பிறகு வெட்டமுடியுமா?" என்று கேட்பது. நான் அறிந்தவரை பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இரவு வேலை செய்பவர் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நாமே கட்டாயம் நேரத்தோடு வெட்டவேண்டி வந்தால் முதல் நாளே சொல்லிவைப்போம். அவர்களின் படுக்கையறைக்கு எட்ட உள்ள மூலையில் தொடங்கி, ஜன்னலடியைக் கடைசிக்கு விடுவோம். சின்னப் புல்தரைக்கு மோட்டார் இல்லாத, கையால் தள்ளும் உருளை மெசினே போதும். கடையில் இப்போதும் விற்கிறார்கள், விலையும் குறைவு.