சங்கிலி ரம்பத்திற்கு மாற்றுச் சங்கிலி வாங்குமுன்

கோடரியும், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பமுமே மரம் அறுக்கும் கருவிகளாக இருந்த நிலை கிராமங்களில் மாறிவிட்டது. பெட்ரோலால் இயங்கும் சங்கிலி ரம்பம் இன்று பல பஞ்சாயத்துகளிலும், தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் பலரிடமும் உள்ளது. அதன் அருமை புயற்காலத்தில்தான் நன்கு விளங்கும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கியது. அத்தகைய வேளையில் சாலையை அடைத்துக் கிடக்கும் மரத்தை அகற்றினாலன்றி நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் இயலாது. மின்கம்பம் ஏற்றிய லாரி ஊருக்குள் நுழையவும் இயலாது. ரம்பம் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஆள் இருக்கிறார். ஆனால் அலமாரியில் வைத்திருந்த புதுச் சங்கிலி இயந்திரத்திற்குப் பொருந்தவில்லை என்றால் எல்லாம் வீணே. புயலுக்கு மறுநாள் அதை மாற்றிக்கொள்ளக் கடையும் திறந்திராது.

இந்த இடர்ப்பாட்டிற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. "பதினெட்டு அங்குல மெஷினுக்கு ஒரு செயின் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. பதினெட்டு அங்குலம் என்பது சங்கிலி ஓடும் அலகின் நீளம். கடைக்காரர் 'பார்' என்று சொல்வது இந்த அலகையே. அலகின் நீளத்தை மட்டும் கொண்டு சங்கிலியைத் தீர்மானிக்க முடியாது. ஒரே நீளமுள்ள இரண்டு அலகுகளுக்கு முற்றிலும் வேறான இரண்டு சங்கிலிகள் வேண்டியிருக்கலாம். சங்கிலிக்கு உரிய அளவுகள் மூன்று. அம்மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் அது நம்முடைய சங்கிலி.

மூன்று அளவுகள்

முதலில் சங்கிலியின் உறுப்புகளை அறிந்துகொள்வோம். மேலே மரத்தை அறுக்கும் வெட்டுப் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்துள்ளன. கீழே கூர்முனையுடன் நீட்டிக்கொண்டிருப்பவை ஓட்டுக் கண்ணிகள். இவை அலகின் விளிம்பிலுள்ள பள்ளத்தினுள் ஓடும். எஞ்சினிலுள்ள பற்சக்கரம் இவற்றைப் பிடித்தே சங்கிலியை இழுக்கும். இவ்விரண்டையும் பக்கப் பட்டைகளையும் ரிவிட்டுகள் பிணைக்கின்றன.

முதல் அளவு கண்ணிகளின் இடைவெளி. கடையில் இதனைப் 'பிட்ச்' என்பர். அடுத்தடுத்துள்ள மூன்று ரிவிட்டுகளை எடுத்துக்கொண்டு, முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, இரண்டால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். இரண்டு ரிவிட்டுகளை மட்டும் அளந்தால் போதாதோ எனக் கேட்கலாம். ரிவிட்டுகள் ஒரே சீராக அமையாமல் ஒன்று நெருங்கியும் ஒன்று விலகியும் அமைந்திருப்பதால், மூன்றை அளந்தே பாதியாக்க வேண்டும். மூன்று ரிவிட்டுகளுக்கு 16.5 மில்லிமீட்டர் வந்தால் அது 0.325 அங்குலச் சங்கிலி. 19 மில்லிமீட்டர் வந்தால் 3/8 அங்குலம். 20.5 மில்லிமீட்டர் வந்தால் 0.404 அங்குலம், இது பெருமரம் அறுக்கும் பெரிய இயந்திரங்களுக்கு உரியது. பழஞ்சங்கிலியில் ரிவிட்டுத் துளைகள் தேய்ந்திருப்பதால் அளவு சிறிது கூடியே காட்டும். ஆகவே இவற்றுள் அருகிலுள்ள அளவையே கொள்ள வேண்டும்.

3/8 அங்குலத்தில் ஒரு சிக்கல் உண்டு. உயரமான பற்களையுடைய முழுச் சங்கிலி ஒன்று. சிறிய இயந்திரங்களுக்கான தாழ்ந்த பற்களையுடைய சங்கிலி மற்றொன்று. பெயரளவில் இரண்டும் 3/8 தான். எனினும் ஒன்றன் பற்சக்கரத்தில் மற்றொன்று சரியாக அமராது. கடையில் தாழ் பல்லை 'லோ புரொஃபைல்' என்பர். இவ்வளவைக் கேட்கும்போது எந்த வகை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் அளவு ஓட்டுக் கண்ணியின் கனம். இதுவே 'கேஜ்' எனப்படுவது. 0.043, 0.050, 0.058, 0.063 அங்குலம் என நான்கு கனங்கள் வழக்கில் உள்ளன. மில்லிமீட்டரில் முறையே 1.1, 1.3, 1.5, 1.6. கடைசி இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. கண்ணால் பார்த்து இதனைப் பிரித்தறிய எவராலும் இயலாது. ஆனால் அலகு அறியும். தடித்த கண்ணி பள்ளத்தினுள் இறங்காது. மெல்லிய கண்ணி இறங்கும். இறங்குவதாலேயே அது சரியானதென்று நினைத்துவிடுகிறோம். அகன்ற பள்ளத்தில் மெல்லிய கண்ணி சாய்ந்து சாய்ந்து ஓடும், அறுப்பு வளையும், பள்ளமும் விரைவில் கெடும். பொருந்தாத சங்கிலியைக் காட்டிலும் பாதி பொருந்தும் சங்கிலியே பெருங்கேடு. லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். பழைய கண்ணியின் தேயாத மேற்பகுதியில் அதை வைத்து அளந்து தரச் சொல்லலாம்.

மூன்றாம் அளவு ஓட்டுக் கண்ணிகளின் எண்ணிக்கை. சங்கிலியைத் தரையில் விரித்து, ஒரு கண்ணியில் சுண்ணாம்புக் குறியிட்டு, அங்கிருந்து தொடங்கி எண்ண வேண்டும். எண்ண வேண்டியவை கீழே நீட்டிய ஓட்டுக் கண்ணிகளே, வெட்டுப் பற்கள் அல்ல. 18 அங்குல அலகில் 0.325 சங்கிலிக்குச் சில இயந்திரங்களில் 72 கண்ணி, சிலவற்றில் 74 கண்ணி. 16 அங்குல அலகில் 3/8 தாழ் பல் சங்கிலிக்கு ஸ்டில் இயந்திரத்தில் 55. வேறு தயாரிப்புகளில் 56 அல்லது 57. 0.325 சங்கிலியில் ஒரு கண்ணி கூடினால் சுற்று 16.5 மில்லிமீட்டர் நீளும். அதை இறுக்க அலகு 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் முன்னே நகர வேண்டும். இரண்டு கண்ணி கூடினால் இறுக்கும் திருகு தன் எல்லையை எட்டிவிடும். பின்பு சங்கிலி சற்று நீண்டதும் இறுக்க இடம் இராது.

இவ்வளவு அளவெடுக்க வேண்டுமா எனத் தயங்குவோர்க்கு எளிய வழியும் உண்டு. அலகின் எஞ்சின் பக்கத்து முனையில் படிந்துள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் இவ்வளவுகள் அங்கே பொறித்திருக்கக் காணலாம். ஓட்டுக் கண்ணியிலும் தயாரிப்பாளர் குறியெண் இருக்கும். ஓரிகன் சங்கிலிகளில் 91 என்பது 3/8 தாழ் பல், 0.050 கனம். 20, 21, 22 என்பன 0.325 சங்கிலியின் 0.050, 0.058, 0.063 கனங்கள். 72, 73, 75 என்பன முழு 3/8 சங்கிலியின் அதே மூன்று கனங்கள். கண்ணியில் 72 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, 72 கண்ணி என்று கொள்வோரும் உளர். அவ்வெண் எண்ணிக்கை அன்று, வகை. மேலும் ஒரு தயாரிப்பாளரின் குறியெண் மற்றவருக்குப் பொருந்தாது.

எந்தப் பல் நமக்கு உகந்தது?

இன்றைய வெட்டுப் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து கற்றது என்றால் வியப்பாக இருக்கும். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்து செல்லும் வண்டின் புழு தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் செதுக்கிச் செல்வதைக் கண்டார். அதே முறையில் அமைத்த சங்கிலியை மறு ஆண்டில் செய்து விற்கத் தொடங்கினார். கீறுவதற்குப் பதில் செதுக்கும் பல் அன்று முதல் பரவியது.

இப்பற்களில் இரு வகைகளே நமக்கு முக்கியம். மூலை சதுரமாக இருப்பது ஒன்று. மூலை உருண்டிருப்பது மற்றொன்று. கடையில் முன்னதை 'ஃபுல் சிசல்' என்றும் பின்னதை 'செமி சிசல்' என்றும் கூறுவர். சதுர மூலைப் பல் சுத்தமான மரத்தை மிக வேகமாக அறுக்கும். ஆனால் அதன் வேலையெல்லாம் அந்தக் கூரிய மூலையில்தான் உள்ளது. மணல் பட்டால் அம்மூலை உடனே மழுங்கும். நம் நிலைமை என்ன? புயலில் சாய்ந்த தென்னை சேற்றில் புரண்டு கிடக்கிறது. பனையின் வெளிப்புறம் இரும்பைப் போன்றது. கண்மாயிலுள்ள சீமைக் கருவேலத்தின் அடிமரம் மண் அப்பிக் கிடக்கிறது. புளியின் வைரத்தைச் சொல்லவே வேண்டாம். ஆகவே உருண்ட மூலைப் பல்லே நமது பஞ்சாயத்துகளுக்கு ஏற்றது என்பது எமது கருத்து. வேகம் சற்றுக் குறையும். ஆயினும் அரம் போடாமல் நெடுநேரம் வேலை நடக்கும். கார்பைடு முனை பொருத்திய சங்கிலிகளும் உண்டு. விலை மிகுதி, சாதாரண அரத்தால் தீட்டவும் இயலாது. கிராமத்திற்கு அவை வேண்டா.

பழக்கம் குறைந்தவர் கையாளும் ரம்பமாயின், கண்ணியில் சிறு கூன் அமைந்த பாதுகாப்புச் சங்கிலியைக் கேட்டு வாங்குவது நலம். அலகு மூக்கின் மேற்பகுதி மரத்தில் இடித்தால் ரம்பம் ஆளை நோக்கி எகிறும், உயிருக்கே ஆபத்து. கூன் கண்ணி அவ்வுதைப்பைத் தணிக்கிறது, முற்றும் ஒழிப்பதில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அது பல்லைவிடப் பெரும்பாலும் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வேகம் வேண்டி இம்மேட்டை மேலும் அராவுவோர் உதைப்பைத் தாமே வரவழைக்கின்றனர்.

பற்சக்கரமும் அரமும்

புதுச் சங்கிலியைத் தேய்ந்த பற்சக்கரத்தில் ஏற்றுவது, புது மாட்டுக்குப் பழைய நுகத்தடி பூட்டுவது போன்றது. இரண்டு மூன்று சங்கிலிகளுக்கு ஒருமுறை பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். பற்சக்கரத்திற்கும், அலகின் மூக்கில் சிறு சக்கரம் இருப்பின் அதற்கும், சங்கிலியின் இடைவெளியே உரியது. எனவே இடைவெளியை மாற்ற விரும்புவோர் சங்கிலி, பற்சக்கரம், அலகு ஆகிய மூன்றையும் மாற்ற நேரும். கனத்தை மாற்றினால் அலகை மாற்ற வேண்டும். கடைக்காரர் "இது கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று சொல்லும்போது இதனை நினைவிற் கொள்க.

அரமும் சங்கிலியோடு சேர்ந்தே வாங்கத்தக்கது. 3/8 தாழ் பல்லுக்கு 4 மில்லிமீட்டர், 0.325க்கு 4.8 மில்லிமீட்டர், முழு 3/8க்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் வட்ட அரம் வேண்டும். அறுக்கும்போது செதிலாக விழாமல் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். தீட்டித் தீட்டிப் பல்லின் நீளம் 4 மில்லிமீட்டர் அளவிற்குக் குறைந்தாலும், பல்லில் விரிசல் கண்டாலும் அச்சங்கிலியைக் கழித்துவிட வேண்டும். அறுந்த சங்கிலி சவுக்கைப் போல் பின்னோக்கி வீசும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டுவது

இருப்புப் பதிவேட்டில் 'சங்கிலி ரம்பம் - 1' என்று எழுதுவதோடு நில்லாமல், தயாரிப்பு, மாதிரி எண், இடைவெளி, கனம், கண்ணி எண்ணிக்கை, பல்லின் வகை, அரத்தின் அளவு ஆகியவற்றையும் எழுத வேண்டும். விலைப்புள்ளி கோரும் கடிதத்திலும் இவையே இடம்பெற வேண்டும். '18 அங்குலச் சங்கிலி' என்று கோரினால், பொருந்தாதது வந்தாலும் திருப்பிக் கேட்க வழியில்லை. ரம்பத்தின் உடல்மீதே '0.325 - 1.5 - 72' என்பது போல் பெயிண்டால் எழுதி வைத்தால், தலைவர் மாறினும் எழுத்தர் மாறினும் அளவு மாறாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அதாவது செப்டம்பர் மாதத்திலேயே, ரம்பம் ஒன்றுக்கு இரண்டு மாற்றுச் சங்கிலி இருப்பில் வைக்க வேண்டும். வாங்கிய அன்றே எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். அலகின் மேற்புறத்தில் பற்களின் கூர் மூக்கை நோக்கி இருக்கட்டும். அலகின் மூக்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி இறுக்கினால் அடிப்புறம் தொங்கல் இராது. ஆயினும் கையுறையிட்டு இழுத்தால் சங்கிலி தடையின்றிச் சுற்ற வேண்டும். சரியாக அமைந்ததைக் கண்டபின் கழற்றி, எண்ணெயில் தோய்த்து, மூடியுள்ள டப்பாவில் இட்டு வைக்கலாம். அதற்கு எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் ஆகாது. அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும்.